தரையில் வைக்காத பெட்டி

'8-6-2001, வெள்ளி. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். தங்கப்பாண்டி அண்ணனின் பெட்டி ராணுவ வண்டியில் வந்தது. பெட்டியைச் சுற்றித் தைத்திருந்த சாக்கில் பெயர் மழையில் கரைந்துவிட்டது. ராணுவ எண் மட்டும் தெரிந்தது. கடைசி இரண்டு இலக்கம் 68. நான் கடிதங்களில் எழுதி வந்தது 63. எனக்குத்தான் ஞாபகப் பிசகு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். 63தான். நாளைக் காலை பெரியம்மாவிடம் சொல்ல வேண்டும்.'

மறுநாள் காலை வேல்விழி சொல்லவில்லை. ஒன்பது மாதம் கழித்து, 2002 மார்ச் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை மாலையில், போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒருவர் அவளைத் தேடி வரும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

பகலில் ஏலக்காய்க் கடையில் காய் பிரிப்பது, ஐந்து மணிக்கு டைப்ரைட்டிங் வகுப்பு, ஏழு மணி பஸ்ஸில் சொந்த ஊர் பொட்டிப்புரம் என்று ஓடிக்கொண்டிருந்த பெண் அவள். வயது இருபது. எதையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு மூன்றாவது தடவை தன்மேலேயே சந்தேகப்படுவாள். இன்ஸ்டிட்யூட் நடத்திய ஞானதுரை சார், "எழுத்துல ஓடுற. நம்பர் வந்தாப் போதும், கரண்டு போன மெஷின் மாதிரி நிக்கிற" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்வார். அன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு வாசலைக் காட்டினார்.

"ஒன்னைத் தேடி ஆளு வந்திருக்காக பாரு. மலையாளத்து ஆளு போல."

மாடிப்படியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, சட்டைப் பையில் மடித்த நீல இன்லண்ட் கடிதம். அதை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இது மோளு எழுதியதா?"

வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். மேல் மூலையில் 57 என்று எண் போட்டிருந்தது. அடியில், 'இப்படிக்கு, அம்மா கருத்தம்மாள். எழுதியது, வே. வேல்விழி.' நடுவில் ஊர்ச் செய்திகள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக. நான்காவது செய்தி: 'நான் (வேல்விழி) போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஞானதுரை சார் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்திருக்கிறேன்.'

அந்தக் கடிதம் காஷ்மீருக்குப் போனது. அது இவர் கையில் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞான் ஔசேப்பு. நெடுங்கண்டம். சாஜன்டெ அப்பன்" என்றார் அவர். தமிழும் மலையாளமும் கலந்து மெதுவாகப் பேசினார். "ஜூன் மாசம் பெட்டி வந்தது. அவன்டெ அம்மா திறக்க விடலை. கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிட்டா. இப்ப மகளுக்குக் கல்யாணம் உறப்பிச்சிருக்கோம். அண்ணன்டெ சட்டை ஒண்ணு கூட இருக்கணும்னு போன ஞாயிறு அவன்டெ அம்மாவே சாக்கைப் பிரிச்சா. உள்ள விபூதிப் பொட்டலம். எங்க வீட்ல ஆரு விபூதி பூசுறது? பின்னே இந்தக் கடிதங்கள். அறுபத்தொண்ணு. எண்ணிட்டேன்."

அறுபத்தொன்று சரிதான் என்று வேல்விழியின் மனம் தன்பாட்டுக்குச் சொன்னது.

"அப்ப என்டெ மகன்டெ பெட்டி?"

"எங்க ஊர்ல இருக்குங்கய்யா."

"திறந்தாச்சோ?"

"இல்ல. யாரும் தொறக்கல."

அவர் மூச்சை விட்டார். "அது மதி, அது போதும். இன்னைக்கு ஏல நாள். காயோட சேத்து உங்க பெட்டியையும் ஜீப்புல கொண்டு வந்திட்டேன். கீழ கடையில இருக்கு. மாத்தி எடுத்துட்டு ராத்திரி வண்டிக்கு மலை ஏறிடுவேன். அவ காத்திருக்கா."

மாற்றி எடுப்பது. அவர் அதைக் குடை மாறிப்போனது போலச் சொன்னார். அந்தப் பெட்டி இப்போது பெட்டியாக இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று வேல்விழிக்குத் தெரியவில்லை.

"இன்னைக்கு வேண்டாங்கய்யா. எங்க ஊர்ல காப்புக் கட்டியிருக்காக, கூட்டமா இருக்கும். நாளைக்கு நானே கொண்டு வந்து தாரேன்."

சொன்ன பிறகுதான், அந்த வாக்கைக் கொடுக்கத் தனக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று உறைத்தது. ஔசேப்பு அவள் முகத்தையே பார்த்தார்.

"ஏதும் பிரச்சினை உண்டோ?"

"இல்ல."

"எங்கில் இதை மோளு இப்பவே கொண்டுபோ" என்றார் அவர். "நாளைக்கு அதைத் தந்தாப் போதும். இது அவன்டெ அம்மாக்கு ஒரு நாள் முன்னாடியே கிட்டட்டும். என்டெ சாஜனைத் தூக்கப் போனவன்டெ பெட்டியல்லே."

ஆட்டோ பிடித்து, பெட்டியைப் பின்சீட்டில் தானே தூக்கி வைத்து, முகவரியை ஒரு ஏலச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டு, குடையை மட்டும் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

*

கறுப்புத் தகரப் பெட்டி. சாக்கு இல்லை. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஆங்கிலத்தில் பெயர், அதற்குக் கீழே எண். கடைசியில் 63. வேல்விழி அதன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

தங்கப்பாண்டி ராணுவத்துக்குப் போனதே மூன்றாவது முயற்சியில். முதல் இரண்டு தடவையும் உயரம் அரை சென்டிமீட்டர் குறைந்தது. ஊரே சிரிக்க, ஆறு மாதம் கண்மாய்க் கரைப் புளியமரத்தில் காலையும் மாலையும் தொங்கினான். வளர்ந்தானோ, அளந்தவர் இரக்கப்பட்டாரோ, எடுத்துக்கொண்டார்கள். சுமக்கிறதில் அவனுக்கு ஒரு பெருமை. தக்காளிக் கூடை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தூக்குவான். பாம்பு கடித்த ஒரு பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் வருகிற ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறான்.

அவன் அம்மா கருத்தம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பங்காளி வீட்டுப் பெண் வேல்விழிதான் மூன்று வருஷம் எழுதினாள், அவன் பதிலை வாசித்துக் காட்டினாள். 'வேல்விழி எழுதுறது தாலுகா ஆபீஸ் தபால் மாதிரி இருக்கு. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடாம ஒரு வரி எழுதச் சொல்லுங்க' என்று ஒரு தடவை கேலி செய்திருந்தான். இன்னொன்றில், 'பக்கத்துக் கட்டில் சாஜன் நெடுங்கண்டத்துக்காரன். நம்ம மேற்கு மலைக்கு அந்தப் பக்கம். மழை பூரா எங்க பக்கம், உங்களுக்குக் காத்து மட்டுந்தான்னு தினமும் வம்பு இழுக்கிறான்.'

2001 மே மாதம் அவன் உடல் வந்தது. பின்னாலேயே அதிகாரியின் ஆங்கிலக் கடிதம் வந்தது. வேல்விழி அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து தமிழில் எழுதி வாசித்தாள். சாஜன் கண்ணிவெடியில் அடிபட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் கிடந்தான். தரையைச் சோதிக்கிறவர்கள் வர ஒரு மணி நேரமாகும். அதுவரை அவன் தாங்கமாட்டான். தங்கப்பாண்டி போனான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு அடி திரும்பி வந்தான். அங்கே இரண்டாவது வெடி இருந்தது.

"அந்தப் பய பொழைச்சானா?" என்று கருத்தம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இல்ல பெரியம்மா."

அதன் பிறகு அவள் சோறு தின்னவில்லை. கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்தாள். ஜூன் எட்டாம் தேதி பெட்டி வந்தது.

அவர்கள் வகையறாவில் சாமி இருப்பது பெட்டிக்குள். மாசி சிவராத்திரிக்கு அந்தப் பெட்டியைத் தலையில் ஏற்றி மலையடிவாரக் கோயிலுக்கு நடப்பார்கள். வழியில் எங்கேயும் தரையில் வைக்கமாட்டார்கள். வாலிபத்தில் செத்துச் சாமியானவனின் பெட்டி என்று ஒன்று ராணுவ வண்டியில் வந்து நின்றதும், கொட்டு எங்கிருந்து வந்தது, யார் முதலில் குலவையிட்டது என்று தெரியவில்லை. வண்டியில் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். கைக்கு முதலில் எட்டியதை இளவட்டங்கள் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். கூட வந்த ராணுவக்காரர் காகிதத்தை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். எண்ணைப் பார்க்க யாரும் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. அழுகிற தாயிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்தது சாஜனின் பெட்டி என்ற நம்பிக்கையில் அதோடு மலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அந்தப் பெட்டி சாமி மூலையில் முக்காலிமேல் ஏறியது. மறுநாள் விடிந்ததும் கருத்தம்மாள் அதன் முன்னால் ஒரு உருண்டைச் சோறு வைத்தாள். பிறகு அவளும் தின்றாள். இருபது நாளைக்குப் பிறகு முதல் சோறு. நோட்டைச் சரிபார்த்துவிட்டுக் காலையில் ஓடிவந்த வேல்விழி, வாசலில் நின்று அதைப் பார்த்தாள். வட்டில் காலியாவதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

நாளைக் காலை அந்தப் பெட்டி, வகையறாவின் சாமிப் பெட்டி இருக்கிற பெட்டி வீட்டுக்குப் போகிறது. செவ்வாய்க்கிழமை சிவராத்திரி. அன்றைக்கு அதைக் கோயில் அறையில் ஏற்றிப் பூட்டிவிட்டால் எந்தக் காலத்திலும் வெளியே வராது.

"எங்கன விடணும் தங்கச்சி?" என்று ஆட்டோக்காரன் கேட்டான்.

தன் வீட்டில் இறக்கிவிட்டால் என்ன? கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். நெடுங்கண்டத்துக்கு ஏதாவது ஒரு காரணம் எழுதிப் போடலாம். ஐம்பத்தேழாம் கடிதத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து வந்தவருக்கு அடுத்த கடிதத்தில் என்ன பொய் எழுதுவது? நம்பர் போட்டு எழுதுவதா?

"பந்தல் தெரியுதுல்ல, அங்கன" என்றாள்.

*

கருத்தம்மாள் வீட்டுப் பந்தலுக்குக் கீழே வெயில் சாயும் நேரத்துக் கூட்டம். சாமி மூலையில் இருந்த பெட்டிக்குச் சாக்கின்மேல் மஞ்சள் துணி சுற்றி, சந்தனம் அப்பி, மாலை போட்டிருந்தார்கள். தங்கப்பாண்டியின் பெரியப்பா முத்துவீரன்தான் வகையறாவுக்குப் பெரியவர். யார் எவ்வளவு தூரம் சுமப்பது என்று பேச்சு நடந்தது.

"ஏலே மலைச்சாமி, நீ கண்மாய் வரைக்கும் தூக்கு. அதுக்கு மேல ஒனக்கு மூச்சு வாங்கும்."

"போன தடவை யாரு உக்காந்ததுன்னு ஊருக்கே தெரியும் சித்தப்பா."

சிரிப்புக்கு நடுவில் ஆட்டோ வந்து நின்றது. மலைச்சாமி எட்டிப் பார்த்தான்.

"என்ன வேல்விழி, கல்யாணச் சீர் வந்திருக்கா? யாரு மாப்ளே?" என்றவன், மூடியில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். வாய் அப்படியே நின்றது. பிறகு பெட்டியை இறக்கினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

வேல்விழி சொல்ல ஆரம்பித்தாள். அடுக்கிச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வரிசைப்படுத்தி வந்திருந்தாள். வரிசை கலைந்துபோனது. முதலில் ஔசேப்பைச் சொன்னாள். பிறகு சட்டையை, பிறகு விபூதியை. கடைசியாக எண்ணை.

முத்துவீரன் கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்தார்.

"சாமிப் பெட்டிய மாத்துறதா? என்ன வெளாட்டுப் பேச்சு இது? ஒம்போது மாசம் பூசை பாத்திருக்கம். இனி அது எந்தப் பெட்டியா இருந்தா என்ன? நம்ம கும்பிட்டது தங்கப்பாண்டியத்தான். சாமி அதுக்குள்ள வந்துட்டாக."

"அவுக அம்மா ஒரு சட்டைக்காகக் காத்திருக்காக, பெரியப்பா."

"நல்ல சட்டையா நாலு எடுத்துக் குடுத்து விடுவோம். அந்த மனுசனுக்கு மரியாதை செஞ்சு அனுப்புவோம். பெட்டி நகராது. நகந்துச்சுன்னா அடுத்த சிவராத்திரிக்கு இந்த வகையறாவுல எத்தனை தலை இருக்கும்னு எனக்குத் தெரியாது."

அவர் பொய்யாகப் பயமுறுத்தவில்லை. சொல்லும்போதே சாமி மூலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

கருத்தம்மாள் கூட்டத்தை விலக்கினாள். மலைச்சாமி ஏந்தி நின்ற பெட்டியின் பக்கத்தில் வந்து, வெள்ளை எழுத்துமேல் விரலை வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"தங்கப்பாண்டின்னு. நம்பரு அறுபத்து மூணுல முடியுது."

"உள்ள இருக்கிறதுல?"

"அறுபத்தெட்டு."

"நீ எப்பப் பாத்த?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் ஒன்பது மாதம் பயந்தாள். மலையாளத்துக்காரர் வந்து சொல்லித்தான் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். நம்புவார்கள். அவளுக்கு நம்பர் வராது என்பது ஊருக்கே தெரியும்.

"வந்த அன்னைக்கே பாத்தேன் பெரியம்மா. மறுநாள் சொல்லத்தான் வந்தேன். நீங்க சோறு தின்னுட்டு இருந்தீக."

கருத்தம்மாள் எழுத்தின் மேலிருந்து விரலை எடுத்தாள்.

"அப்ப ஒம்போது மாசம் நான் அந்தப் பயலுக்கா சோறு வச்சேன்?"

"ஆமா பெரியம்மா."

"அங்கன ஒருத்தி எம்மகன் பெட்டிக்குப் பக்கத்துல படுத்துக் கெடந்திருக்கா. நீ ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு டைப்பு அடிச்சுக்கிட்டு இருந்திருக்க."

வேல்விழி தலை குனிந்தாள்.

"இவனைத் தூக்கிட்டு வரத்தான எம்மகன் போனான்?" கருத்தம்மாள் சாமி மூலையைக் கைகாட்டினாள். "எத்தனை அடின்னு வாசிச்ச?"

"இருபத்திரண்டு."

"நெடுங்கண்டத்துக்கு இங்கனருந்து எம்புட்டுத் தூரம்?"

"போடி போயி, மெட்டு மலை ஏறி, பஸ்ஸுல மூணு மணி நேரம் ஆகும்."

"அப்ப இன்னம் அம்புட்டுத் தூரம் கெடக்கு" என்றாள் கருத்தம்மாள். முத்துவீரன் பக்கம் திரும்பினாள். "மச்சான், அவன் பாதியில போட்டுட்டான். பாதியில போட்டத நாம வீட்டுல வச்சுப் பூசை பண்ணிக்கிட்டு இருக்கம். சாமி குத்தம் எதுங்கிறீக? கொண்டுபோறதா, வச்சுக்கிறதா?"

முத்துவீரன் மாலையைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி, வாதத்துக்குச் சரின்னே வையி. யாரு கொண்டுபோறது? இன்னைக்கு விடியக் காப்புக் கட்டியாச்சு. சிவராத்திரி முடியாம ஊர் எல்லை தாண்ட முடியாது. ஒன் கையிலயும் கட்டியிருக்கு, ஏங் கையிலயும் கட்டியிருக்கு."

ஆண்கள் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாக் கையிலும் மஞ்சள் கயிறு. கருத்தம்மாள் வேல்விழியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். தினமும் போடிக்குப் போக வேண்டியவள் என்பதால் காலையில் அவளுக்குக் கட்டவில்லை.

"இவ போவா."

"பெரியம்மா, ஒத்தையில நான் எப்படி அதை..."

"ஒம்போது மாசம் ஒத்தையில சுமந்தேல்ல, மூணு மணி நேரம் சுமக்க மாட்டியா? கீழ மட்டும் வைக்காத. கொட்டோட வந்த பெட்டி, எல்லை வரைக்கும் கொட்டோட போகட்டும். அங்கன ஆட்டோ வந்து நிக்கச் சொல்லு."

மலைச்சாமி தொண்டையைச் செருமினான். "கை மரத்துப் போச்சு. இதை எங்கனதான் வைக்கிறது?"

முத்துவீரன் தானே முன்னால் போய், முக்காலியில் இருந்த பெட்டியின் மாலையைக் கழற்றினார். இரண்டு பேரைக் கூப்பிட்டு அதைக் கயிற்றுக் கட்டிலுக்கு மாற்றினார். தங்கப்பாண்டியின் பெட்டி முக்காலியில் ஏறியது. யாரும் குலவையிடவில்லை.

கருத்தம்மாள் மூடியைத் திறந்தாள். மேலாகவே கடிதக் கட்டு இருந்தது. பச்சை நூலால் கட்டியிருந்தான். வேல்விழி பழக்கத்தில் கையை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றாள் கருத்தம்மாள். கட்டை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். "இதை வாசிக்க நான் வேற ஆளு பாத்துக்கிறேன். நீ போயிட்டு வா. வந்த பொறவு, ஓங்கூடப் பேசுறதா வேண்டாமான்னு யோசிக்கிறேன்."

வேல்விழி வீட்டுக்கு வந்து விளக்கின் கீழே நோட்டை விரித்தாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

'9-3-2002, சனி. நாளை:

1. ஐந்தரைக்கு எல்லையில் ஆட்டோ. ஆட்டோக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. பெட்டி என் மடியில்.

2. போடியில் நெடுங்கண்டம் பஸ்ஸின் நேரத்தை இரண்டு பேரிடம் விசாரிக்க வேண்டும். சுமை தூக்குகிறவரிடம் கீழே வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

3. ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் சர்ச்சுக்குப் போயிருப்பார்கள். வாசலில் காத்திருக்க வேண்டும்.

4. சாஜனின் அம்மா வந்ததும், பெட்டியைக் கொடுக்கும் முன், எண் மாறியிருந்ததை நான் ஒன்பது மாதமாக அறிவேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.'